மேட்டூர் அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வெயில் அளவையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சேலம் பதிப்பில் கத்திரி வெயிலைப் பற்றி வந்த செய்தியைப் படித்தேன். சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துவதால் மாடியில் சோலார் வைத்தவர்களுக்கு இந்த மாதம்தான் அதிக மின்சாரம் கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். இது சரியில்லை, திருத்தி ஒரு செய்தி போடுங்கள் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். நான் அம்மாபேட்டையில் இருந்துகொண்டு சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கமெல்லாம் சோலார் பேனல் பொருத்தும் வேலை செய்கிறவன். சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வெளிய தலை காட்ட முடியலைங்க, இந்த அடி அடிக்குது வெயிலு, ஆனா மார்ச் மாசத்தவிட யூனிட் கம்மியா காட்டுதே, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

கோளாறு எதுவும் கிடையாது. தெர்மாமீட்டர் சொல்வது காற்றின் சூடு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். இரண்டும் ஒன்றாகவே கூடும், ஒன்றாகவே குறையும் என்று நினைப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. பேனல் மேல் எழுதியிருக்கும் வாட் கணக்கு, ஒரு சதுர மீட்டரில் 1,000 வாட் வெளிச்சம் விழுந்து பேனலுக்குள் இருக்கும் செல்லின் சூடு 25 டிகிரியில் இருந்தால் வரும் கணக்கு. சேலத்து மொட்டை மாடியில் மே மாதம் மதியம் செல் 25 டிகிரியில் எங்கே இருக்கப்போகிறது? காற்று 40 டிகிரி என்றால் பேனல் 65, 70 வரை போகும், கை வைத்தால் சுடும். சிலிக்கான் பேனலில் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறைகிறது. 25-க்கு மேல் 40 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 15 சதவீதம் அங்கேயே போய்விட்டது. மேகமே இல்லாத நல்ல வெயிலிலும் 3 கிலோவாட் பேனல் இரண்டரை கிலோவாட்டுக்கு மேல் ஏற மறுப்பது இதனால்தான். சேலத்தில் நான் பார்த்தவரை பிப்ரவரி கடைசியும் மார்ச்சும்தான் சோலாருக்கு ராஜ மாதம். வானம் துல்லியமாக இருக்கும், காற்றில் ஈரம் குறைவு, பேனலும் அவ்வளவு கொதிக்காது.

பேனல் சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். பேனலைத் தொடும் முன்பே வெளிச்சத்துக்கு என்னென்ன நடக்கிறது என்பதைத்தான் நம் ஊர்க்காரர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும், அதை உங்களைப் போன்ற பத்திரிகைதான் செய்ய முடியும். காற்று மண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1,361 வாட் விழுகிறது. மேகமே இல்லாத நண்பகலில் தரைக்கு வருவது ஏறக்குறைய 1,000 வாட். நடுவில் ஓசோன் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, நீராவி கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, காற்றின் மூலக்கூறுகளே கொஞ்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்கின்றன (வானம் நீலமாகத் தெரிவது இந்தச் சிதறலால்தான்), மீதிதான் நமக்கு. இது நல்ல நாளின் கதை. பூமி முழுவதுக்கும், வருஷம் முழுவதுக்கும் சராசரி எடுத்தால், வரும் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் மேகத்திலும் பனியிலும் தரையிலும் பட்டு விண்வெளிக்கே திரும்பிப் போகிறது, கால்வாசிக்குச் சற்றுக் குறைவானது காற்றிலேயே தங்கிவிடுகிறது, தரையும் கடலும் வாங்கிக்கொள்வது பாதிக்கும் கொஞ்சம் குறைவு.

கோடையில் சூரியன் நமக்குக் கிட்டே வந்துவிடுகிறது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், படித்தவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், நாம் மார்கழிக் குளிரில் போர்த்திக்கொண்டு கோலம் போடுகிற நேரத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் அது 15.2 கோடியாகிறது. இந்த வித்தியாசத்தால் ஜனவரியில் பூமிக்கு வரும் வெளிச்சம் ஜூலையைவிட 7 சதவீதம் அளவுக்கு அதிகம். அப்படியும் மார்கழியில் நமக்கு வெயில் உறைக்காததற்குக் காரணம் சூரியன் நிற்கும் கோணம். சேலம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11.65 டிகிரியில். டிசம்பர் 21, 22-ல் நண்பகலில்கூட சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சாய்ந்து விழும் வெளிச்சம் அதிகப் பரப்பில் பரவுகிறது, அதோடு அதிகக் காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் உச்சியில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு காற்று, 10 டிகிரியில் ஐந்து மடங்குக்கும் மேல். காலை ஏழு மணிக்கு வெயில் பளிச்சென்று முகத்தில் அடிக்கிறதே, ஏன் இன்வெர்ட்டரில் (பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றி, அளவையும் காட்டும் பெட்டி) எதுவும் பெரிசாகக் காட்டவில்லை என்பவர்களுக்கு இதுதான் பதில். இன்னொன்று, நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது, சேலம் அதற்கு மேற்கே 78 டிகிரிக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே உச்சிவேளை சராசரியாக 12.17-க்கு வரும், பிப்ரவரியில் 12.30 வரைகூடப் போகும்.

ஏப்ரல் 20, 21 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் சூரியன் சேலத்தின் நேர் உச்சிக்கு வருகிறது, அன்றைக்கு நட்டுவைத்த கம்புக்கு உச்சிவேளையில் நிழல் இருக்காது. இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில் உள்ள நான்கு மாதம் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. நாம் எல்லோரும் பேனலைத் தெற்குப் பார்த்து 11, 12 டிகிரி சாய்த்து வைத்திருக்கிறோம், வருஷக் கணக்குக்கு அதுதான் சரி. ஆனால் மே, ஜூனில் சூரியன் பேனலுக்கு முதுகுப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஆக கத்திரி வெயிலில் பேனல் சூடு ஒரு காரணம், கோணம் இன்னொரு காரணம், மதியத்துக்கு மேல் கோடை மழைக்காகத் திரளும் மேகம் மூன்றாவது. உங்கள் நிருபர் எழுதியது ஏன் தவறு என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இந்தக் கோணத்தை மறந்துவிட்டு வேலை செய்வதால் மக்களுக்குப் பண நஷ்டம் வருவதையும் சொல்ல வேண்டும். தெற்குப் பக்கம் பத்தடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டியோ பக்கத்து வீட்டுச் சுவரோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம் உச்சிவேளையில் அதன் நிழல் பேனல் பக்கமே வராது, இரண்டடி நீளத்துக்குத் தெற்கே விழும். டிசம்பரில் அதே சுவர் வடக்கே ஏழடிக்கு நிழல் போடும், காலையிலும் சாயங்காலமும் இன்னும் நீளம். கோடையில் வந்து மாடியை அளந்துவிட்டு, நிழலே இல்லை, ரொம்ப நல்ல இடம் என்று சொல்லி முன்பணம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கார்த்திகை வந்ததும் பேனலின் கீழ் வரிசை முழுக்க நிழலில் கிடக்கும். செல்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து இணைத்திருப்பதால் ஒரு ஓரத்தில் விழும் நிழல் அந்த ஓரத்தோடு நிற்காமல் பக்கத்தில் வெயிலில் இருக்கும் செல்களின் உற்பத்தியையும் சேர்த்து இழுத்துவிடும்.

மேகத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. கருமேகம் கவிந்த ஐப்பசி நாளில் தரைக்கு வருவது தெளிவான நாளின் பத்தில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான். மார்ச்சில் தினம் 13 யூனிட் கொடுத்த 3 கிலோவாட் பேனல் அன்றைக்கு இரண்டு, மூன்று யூனிட்டோடு நின்றுவிடும். பஞ்சு மாதிரி உயரத்தில் பரவும் மெல்லிய மேகம் அவ்வளவு தடுக்காது. ஆடி மாதம் வேறு மாதிரி. காற்று மேகத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், மாடியில் நின்று போனில் இன்வெர்ட்டர் ஆப்பைத் திறந்து பார்த்தால் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும்: இப்போது 600 வாட், ஒரு நிமிஷத்தில் 2,300, திரும்பவும் 700. அதில் ஒன்று கவனித்திருக்கிறேன், மேகத்தின் ஓரத்திலிருந்து சூரியன் வெளியே வரும் அந்தச் சில நொடிகளில் மேகமே இல்லாத நாளின் அளவையும் தாண்டி எகிறும். நேர் வெயிலோடு, மேகத்தின் வெள்ளை ஓரத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்துவிடுவதால் அப்படி. மேகம் வெளிச்சத்தைக் குறைக்க மட்டுமே செய்யும் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை பார்க்க வேண்டும்.

ஏற்காட்டுக்கு வேலைக்குப் போகும்போது இந்தக் கணக்கு இன்னொரு மாதிரி ஆகிவிடும். சேலம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் நம் தலைக்கு மேல் இருந்த காற்றில் ஏழில் ஒரு பங்கு கீழே போய்விடுகிறது, கூடவே ஊர்ப் புழுதியும் புகையும். அதனால் பனிமூட்டம் இல்லாத பகலில் ஏற்காட்டு வெயில் சேலத்து வெயிலைவிட வலுவானது. குளுகுளுவென்று இருக்கிறதே என்று ஏரிக்கரையில் நாள் பூரா சுற்றிவிட்டு வந்தவர்களுக்கு ராத்திரி முகம் எரிந்து கறுத்துப்போவது இதனால்தான், புற ஊதாக் கதிர் மேலே போகப்போகக் கூடும். பேனலும் அங்கே குளிர்ச்சியாக இருப்பதால் வானம் திறந்திருக்கும் வேளையில் அருமையாக ஓடும். ஆனால் மலையில் எத்தனை மணி நேரம் வானம் திறந்திருக்கும் என்பதுதான் கேள்வி. மூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தூரத்தில் இருக்கும் சில்வர் ஓக் மரம் கண்ணுக்குத் தெரியாது. எஸ்டேட்டில் காபி காய வைக்கும் களத்தைப் பாருங்கள், பழுத்த காயைக் காயப் போட்டவர்கள் மூட்டத்தைப் பார்த்ததும் ஓடி வந்து தார்பாலின் போட்டு மூடுவார்கள், விலகியதும் திரும்ப விரிப்பார்கள். அவர்களுக்கு எந்த மீட்டரும் தேவையில்லாமலே வெயிலின் அருமை தெரியும்.

அப்புறம், குளிர்காலத்துக் காலையில் ஏற்காட்டு மலை விளிம்பில் இருக்கும் லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர் மேல் பழுப்பாக ஒரு படலம் கிடக்கும். மேலே நமக்கு வானம் நீலம், கீழே கட்டிடங்கள் மங்கல். அந்தப் பருவத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேல் இருப்பது வெதுவெதுப்பாகவும் இருப்பதால் புகை மேலே போக முடியாமல் மூடி போட்டது போல நிற்கிறது. அதில் வண்டிப் புகை இருக்கிறது, செங்கல் சூளைப் புகை இருக்கிறது, தெருவோரம் கொளுத்தும் குப்பை இருக்கிறது, வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துத் தூசி இருக்கிறது. மேகம் இறைவன் கொடுப்பது, அதை ஒன்றும் செய்ய முடியாது. இந்தப் படலம் நாம் போட்டது. 1950-களிலிருந்து 1980-கள் வரை உலகத்தின் பல இடங்களில் தரைக்கு வரும் வெயில் குறைந்துகொண்டே வந்ததை அளந்து வைத்திருக்கிறார்கள். புகையைக் கட்டுப்படுத்திய பிறகு ஐரோப்பாவில் அது மறுபடி ஏறத் தொடங்கியது. 1991-ல் பிலிப்பைன்ஸில் பினடுபோ எரிமலை வெடித்து அதன் புகை மேல்மண்டலத்தில் பரவியபோது உலகச் சராசரி வெப்பநிலையே அரை டிகிரி அளவுக்கு இறங்கியது. அதோடு ஒப்பிட்டால், சூரியனே 11 வருஷச் சுழற்சியில் கூடிக் குறைவது வெறும் 0.1 சதவீதம்தான். 1901-லிருந்து சூரியனைக் கவனித்துவரும் ஆய்வகம் நம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. சூரியப் புயலால் யூனிட் குறைகிறதா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, சூரியனில் ஒன்றும் குறையவில்லை, பேனலை முதலில் துடையுங்கள் என்பதுதான்.

துடைப்பதிலும் விஷயம் இருக்கிறது. கருப்பூர் பக்கம் ஒரு மாடியில் ரொம்ப நாளாகத் தொடாத பேனலில் ஈரத் துணியை வைத்து இழுத்தேன், துணியைப் பிழிந்தால் பால் மாதிரி வெள்ளையாக ஓடியது. துடைத்த பேனலும் துடைக்காத பேனலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது பார்த்தால் ஒன்று கருநீலம், மற்றது சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறம் முழுக்க உள்ளே போக வேண்டிய வெளிச்சம். தயவுசெய்து போர் தண்ணீரை அப்படியே அடித்து விட்டுவிடாதீர்கள், நம் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம், காய்ந்தால் வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொண்டு பிறகு எதற்கும் போகாது. காலையில் பேனல் சூடாகும் முன் கழுவி, உடனே ரப்பர் வைப்பரால் இழுத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடக்கூடும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் பத்திரிகையில் தினமும் மேட்டூர் அணை நீர்மட்டம் போடுகிறீர்கள், நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று டெல்டா விவசாயி வரை எல்லோரும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதிகபட்ச வெப்பநிலை போடுகிறீர்கள், மழை அளவு போடுகிறீர்கள். நேற்று சேலத்தில் எவ்வளவு வெயில் விழுந்தது என்று மட்டும் போடுவதில்லை. அதை அளப்பது கஷ்டமே இல்லை. பைரனோமீட்டர் என்று ஒரு கருவி, உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குமிழ், அதற்கு அடியில் ஒரு கறுப்புத் தகடு, அவ்வளவுதான். நிழல் விழாத மாடியில் மட்டமாக வைத்தால் நேர் வெயில், சிதறிய வெளிச்சம் இரண்டையும் சேர்த்து அளந்துகொண்டே இருக்கும். வானிலைத் துறை பல ஊர்களில் இப்படி அளக்கிறது, சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுக்க இதற்கென்றே நிலையங்கள் அமைத்திருக்கிறது. நம் மாவட்டத்தில் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஏற்காட்டில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த மூன்று இடத்து அளவையும் அவர்களிடம் வாங்கித் தினமும் மூன்றே எண்ணாகப் போட்டால் போதும், மாவட்ட நிர்வாகம் மனது வைத்தால் கருவிக்கு ஆகும் செலவு பெரிய விஷயமில்லை.

போட்டால் என்ன பயன் என்று கேட்கலாம். மின்சாரத்தைப் போலவே வெயிலையும் யூனிட்டில், அதாவது கிலோவாட் மணியில், சொல்லலாம். ஒரு சதுர மீட்டரில் நேற்று 5 யூனிட் வெயில் விழுந்தது என்று நீங்கள் போட்டால், 1 கிலோவாட் பேனலில் சுமார் 4 யூனிட் மின்சாரம் வந்திருக்க வேண்டும். 3 கிலோவாட் வைத்தவர் தன் போனைத் திறந்து பார்ப்பார். 11, 12 இருந்தால் சரி. 7 இருந்தால் அழுக்கோ, நிழலோ, ஒயரிங்கோ, ஏதோ ஒன்று இருக்கிறது, பொருத்தியவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம், கேட்க அவர் கையில் ஒரு எண் இருக்கிறது. மழைக்காலத்தில் 2 யூனிட் வெயில் என்று போட்டிருந்தால் தேவையில்லாமல் பயப்படவும் வேண்டாம். சோலார்காரர்களுக்கு மட்டுமும் இல்லை. ஆத்தூர் பக்கம் சேகோ ஃபேக்டரிக் களத்தில் ஈர ஜவ்வரிசியை விரித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களுக்கும், மஞ்சள் வேகவைத்துக் காய வைப்பவர்களுக்கும், அப்பளம் போடும் பெண்களுக்கும் வெயில்தான் முதல். எந்த மாதம் எவ்வளவு வெயில் கிடைக்கிறது என்று சில வருஷக் கணக்கு கையில் இருந்தால் களத்தை எவ்வளவு பெரிதாகப் போடுவது, உலர்த்தும் மெஷின் வாங்குவதா வேண்டாமா என்பதையெல்லாம் அதை வைத்தே முடிவு செய்யலாம்.

2024 பிப்ரவரியில் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது, அதை நம்பி நெசவாளர் வீடுகளில்கூட மீதிப் பணத்துக்குக் கடன் வாங்கிப் போடுகிறார்கள். அம்மாபேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு கம்பெனி ஆள் வந்து தினமும் 15 யூனிட், வருஷம் 365 நாளும், கரண்ட் பில்லே வராது என்று எழுதியே கொடுத்துவிட்டுப் போனார். அந்த வீட்டு அம்மா ஐப்பசி மாத மீட்டரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அழுதார். பேனல் நல்ல பேனல்தான், வேலையும் சுத்தம்தான், சொன்ன கணக்குத்தான் பொய். எந்த மாதம் எத்தனை யூனிட் வரும் என்று பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாகக் கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள், அது இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள் என்று உங்கள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் ஒரு முறை போட்டால் எத்தனையோ குடும்பம் தப்பிக்கும். மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதே அந்தப் பட்டியலையும் சேர்க்க வேண்டும் என்று அதிகாரிகள் விதி போட்டால் இன்னும் நல்லது.

உங்கள் நிருபர் கத்திரி முடிவதற்குள் ஒரு நாள் மதியம் வந்தால் மாடிக்குக் கூட்டிப் போய்ப் பேனலின் சூட்டையும் இன்வெர்ட்டர் காட்டும் அளவையும் ஒன்றாகக் காட்டத் தயாராக இருக்கிறேன். அதே வீட்டின் மார்ச் மாதக் கணக்கும் ஆப்பில் அப்படியே இருக்கிறது, வீட்டுக்காரரின் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளலாம். வெயில் அளவைத் தினமும் போடுவதற்கு யாரிடம் பேச வேண்டும், என்ன வடிவத்தில் வாங்க வேண்டும் என்பதற்கும் என்னால் ஆன உதவியைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
சோலார் பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.